கட்டிலுக்குள் எண்ணூறு ஆப்ஷன்

எங்கள் கம்பெனி கட்டில் செய்கிறது. வீட்டில் போடும் கட்டில் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில். பொத்தானை அமுக்கினால் தலைப்பக்கம் எழும்பும், முழங்கால் பக்கம் எழும்பும், மொத்தக் கட்டிலும் உயரும், தாழும். மெத்தைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரின் ஆழத்தில் உட்கார்ந்துகொண்டு மோட்டாரைப் பார்த்து ஓடு, நில் என்று ஏவுகிற நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அதை எழுதுகிற பிரிவில் எனக்கு ஜன்னலோரத்து இடம்.

அந்த நிரலின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் வெளியே அனுப்பும் பொறுப்பு ரிலீஸ் மேனேஜருக்கு. வயதில் மூத்தவர், கேட்டால் முகம் சுளிக்காமல் உதவுபவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். அவருடைய அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில், தன் மகன் ஒரு கர்னலுக்குக் கீழே வேலை பார்ப்பதாகவும், பட்டாளத்து மனுஷன் என்பதால் பிழிந்தெடுப்பதாகவும் சொல்லி வைத்திருந்தார். அண்ணன் இரண்டொரு தடவை விளக்கிப் பார்த்துவிட்டு, கர்னலுக்கு ஒரு மரியாதையாவது மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டார்.

அண்ணனுடைய மனைவி அதே கட்டடத்தில், கீழ்த்தளத்தில், போன் செயலி எழுதுகிற பிரிவில் இருந்தார். அந்தப் பிரிவை மூடியதும் அவரை மேலே எங்களிடம் அனுப்பினார்கள். சோதனைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வந்த முதல் நாளே நாங்கள் அவரை அண்ணி என்று கூப்பிட்டோம். தனக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்றார். சரி அண்ணி என்றோம். ஆபீஸுக்குள் அவர் அண்ணனை சார் என்பார், அண்ணன் அவரை மேடம் என்பார். சாயங்காலம் ஒரே வண்டியில் ஏறி, ஒரே வீட்டுக்குப் போவார்கள்.

இவர்கள் இருவருக்கும், எங்களுக்கும் மேலே தலைமைப் பொறியாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரெண்டும்சரி. காரணம் இருக்கிறது. கட்டில் நிற்கும்போது வெடுக்கென்று நிற்க வேண்டுமா, மெல்ல நிற்க வேண்டுமா என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டு அவரிடம் போனால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "ரெண்டும் சரிதான். ஒரு ஆப்ஷன் போட்டுடலாம்" என்பார். இருவருமே ஜெயித்த முகத்தோடு வெளியே வருவார்கள். எதுவும் முடிவாகியிருக்காது.

ஆப்ஷன் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கர்னலைக் கட்டும்போதே, அதாவது எழுதிய நிரலை ஒன்றாக இணைத்துப் பெட்டிக்குள் போகத் தயாராக்கும்போதே, இது உள்ளே வேண்டுமா, அது வேண்டுமா என்று ஒரு வரிசைக் கேள்வி வரும். ஆம் என்றால் அந்தத் துண்டு உள்ளே போகும். இல்லை என்றால் வெளியே நிற்கும். சோதனைகளுக்கும் அதே கதைதான். நிரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் குட்டிக் குட்டிச் சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆப்ஷன். ரெண்டும்சரியின் காலத்தில் இவை எண்ணூறைத் தாண்டிவிட்டன. ஒரு ஆப்ஷனைப் போட வேண்டுமானால் வேறு இரண்டைப் போட்டிருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று, மூன்றாவதாக ஒன்று இல்லாமல் இருந்தால்தான் வரும். சொந்தக்காரர்களை ஒரே பந்தியில் உட்கார வைப்பதுபோல, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று தெரிந்தால்தான் காரியம் நடக்கும். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் அடியில் விளக்கம் என்று ஒரு வரி உண்டு. பெரும்பாலும் அது, 'இது என்னவென்று தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லவும்' என்றிருக்கும். எங்களுக்கு எதுவுமே தெரியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிப் பழகியிருந்தோம்.

இத்தனைக்கும் மேலாக, வாசல் ஹாலில் ஒரு பெரிய திரை. சோதனைகள் எல்லாம் தேறினால் அதில் பச்சை எரியும். நான் சேர்ந்த நாளிலிருந்து பச்சைதான். விருந்தினர் வந்தால் முதலில் அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். சில பேர் தொட்டுக்கூடப் பார்ப்பார்கள்.

அண்ணிக்குக் கொடுத்த முதல் வேலை சின்னது. கட்டிலின் பக்கக் கம்பி இறக்கியிருந்தால் கட்டில் சாயக் கூடாது. அதற்கு ஒரு சோதனை எழுத வேண்டும். எழுதினார், ஓட்டினார், பச்சை. முதல் தடவையிலேயே தேறியது அவருக்கு உறுத்தியிருக்கிறது. செயலிப் பிரிவில் முதல் தடவை தேறியதாக அவருக்கு நினைவே இல்லையாம். சந்தேகத்தில், இரண்டும் இரண்டும் ஐந்து என்று சோதனையை மாற்றி எழுதி ஓட்டினார். பச்சை. இந்தக் கட்டில் ஒரு பறவை என்று எழுதினார். பச்சை. கடைசியில் விசைப்பலகையை இரண்டு கையாலும் சகட்டுமேனிக்குத் தட்டி, எந்தக் கம்ப்யூட்டராலும் விழுங்க முடியாத எழுத்துக் குவியலைச் சோதனையின் நடுவில் கொட்டி ஓட்டினார். அதற்கும் பச்சை.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அதெல்லாம் எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் என் ஜன்னலுக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டு நாள் தோண்டி அவர் கண்டுபிடித்தது இதுதான். அந்தச் சோதனை கர்னலுக்குள் போகவே இல்லை. அதன் ஆப்ஷனுக்கு அவர் ஆம் என்று சொல்லியிருந்தார். ஆனால் அது வேறொன்றைச் சார்ந்தது, அந்த வேறொன்று இன்னொன்றை. அந்த இன்னொன்றின் பெயரை எங்களிடமிருந்து எப்போதோ விலகிப்போன ஒருவர் அழகாக இல்லையென்று மாற்றியிருந்தார். பழைய பெயரில் ஆளே கிடையாது. இல்லாத ஆளின் சிபாரிசில் எப்படி உள்ளே விடுவது என்று, நிரலைக் கட்டும் கருவி அவர் சொன்ன 'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றிவிட்டுத் தன் பாட்டுக்கு மேலே போய்விட்டது. கேட்டதைக் கொடுக்கவும் இல்லை, கொடுக்கவில்லை என்று சொல்லவும் இல்லை.

மற்றச் சோதனைகளையும் பார்த்தார். பெரும்பாலானவை அதே கதிதான். நிஜமாக உள்ளே போய் ஓடியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலும் பாதி, சோதிக்கும் கருவி நல்லபடியாக இருக்கிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்பவை. தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தானே மதிப்பெண் போட்டுக்கொண்டு அது பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அண்ணி இதைக் கூட்டத்தில் சொன்னார். ரெண்டும்சரி கண்ணாடியைத் துடைத்தார். மிக முக்கியமான விஷயம், உடனே ஆப்ஷன்களை எளிமையாக்க ஒரு குழு அமைக்கிறேன் என்றார். குழு அமைந்தது. குழுவின் முதல் கூட்டத்தில் எளிமை என்றால் என்ன என்பதில் இரண்டு கருத்து வந்தது. ரெண்டும் சரியாக இருந்தது. ஆகவே எளிமையான முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு ஆப்ஷன், பழைய முறையிலேயே இருக்க ஒரு ஆப்ஷன், தவறிப்போய் இரண்டையும் ஒருவர் தேர்ந்தெடுத்துவிட்டால் எச்சரிக்க ஓர் ஆப்ஷன், அந்த எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறது என்பவர்களுக்காக அதை அணைக்க ஓர் ஆப்ஷன் என்று முடிவாயிற்று. எளிமைக்கு மட்டும் நான்கு. குழுவில் இருந்த ஒருவர் இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அண்ணி அந்தக் குழுவுக்கு இரண்டாவது தடவை போகவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். அவர் யோசனை ரொம்பச் சாதாரணமானது. 'எல்லாச் சோதனையும்' என்று ஒரே ஒரு ஆப்ஷன். அதற்கு ஆம் என்றால், கர்னலுக்குள் எந்தெந்தத் துண்டு இருக்கிறதோ அதனதன் சோதனை தானாகவே கூட வந்துவிடும். துண்டு இல்லையென்றால் அதன் சோதனையும் வேண்டாம். யாரும் எதையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. இன்னொன்றும் செய்தார். ஒருவர் ஆம் என்று கேட்டது ஏதோ காரணத்தால் கிடைக்காவிட்டால், கருவி வாயை மூடிக்கொண்டு போகக் கூடாது. அங்கேயே நின்று, இன்னது வரவில்லை, இன்ன காரணம் என்று சொல்ல வேண்டும்.

இதற்கு ரெண்டும்சரி சம்மதிக்க வேண்டுமே என்று நாங்கள் கவலைப்பட்டோம். அவசியமே இருக்கவில்லை. அண்ணி உள்ளே போய், ஒரு ஆப்ஷன் சேர்க்க வேண்டும் என்றார்.

"ஒரு ஆப்ஷன்தானே? தாராளமா சேர்த்துக்கோங்க மேடம்" என்றார் அவர். அவர் காலத்தில் எதையாவது குறைக்கிறேன் என்று போனவர்கள் தாடி வளர்த்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். சேர்க்கிறேன் என்று போனவர்களை அவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த நாள் காலையில் நான் ஹாலுக்குள் நுழைந்தபோது திரை சிவப்பாக இருந்தது. திரை கெட்டுவிட்டது என்று வரவேற்பில் இருந்த பெண் ஏற்கெனவே எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் ஏணியில் ஏறிப் பின்பக்கம் இரண்டு ஒயரை ஆட்டிப் பார்த்தார். சிவப்பு அசையவில்லை. முதல்முறையாக எல்லாச் சோதனைகளும் ஓடியிருந்தன. நாலில் ஒன்று தோற்றிருந்தது.

ரெண்டும்சரி அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணனையும் கூப்பிட்டார். ரிலீஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை, துக்கப்படுகிற ஆள். துக்கத்தோடு சொன்னார்.

"நேத்து வரைக்கும் எல்லாம் பாஸ் மேடம். இன்னைக்கு ஃபெயில். நடுவுல புதுசா வந்தது நீங்க மட்டும்தான்."

நேற்று வரை அவை ஓடவே இல்லை என்று அண்ணி சொன்னார். ஓடாததால்தானே தோற்காமல் இருந்தன என்று ரெண்டும்சரி கேட்டார். அதோடு அண்ணி வெளியே வந்ததை நான் பார்த்தேன். சரியாக இருக்கிற ஒரு வாக்கியம் இவ்வளவு தப்பாகவும் இருக்க முடியுமா என்று தண்ணீர்க் குழாயடியில் நின்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு உள்ளே இன்னொரு உத்தரவு கிடைத்திருந்தது. தோற்கிற சோதனைகளை மட்டும் ஒதுக்கி வைக்க ஓர் ஆப்ஷன் போட்டுவிட வேண்டும், அதை மேடமே போட்டால் நன்றாயிருக்கும்.

அன்று வீட்டில் நடந்ததைப் பிறகு அண்ணனே என்னிடம் சொன்னார். கொடியிலிருந்து எடுத்த துணிகளைச் சோபாவில் குவித்து வைத்து இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்களாம். வீட்டில் ஆபீஸ் பேசுவதில்லை என்று ஒரு ஒப்பந்தம் உண்டு. அன்று அண்ணன்தான் அதை மீறினார். ஒரே ஒரு வாரம், ரிலீஸ் போனதும் எல்லாவற்றையும் பழையபடி போட்டுக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார்.

அண்ணி ஒரு துண்டை உதறினார். "நான் எதை உடைச்சேன்னு சொல்லுங்க. அதை மட்டும் திருப்பிப் போட்டுடறேன்."

"நீ எதையும் உடைக்கல. உடைஞ்சு கிடந்ததைக் காட்டிட்ட. அது அதைவிட மோசம்."

"அதுல ஒண்ணு கட்டில் நிக்கறதைப் பத்தி. படிச்சுப் பார்த்தீங்களா?"

அண்ணன் படிக்கவில்லை. தோற்றவை எத்தனை என்று பார்த்தாரே தவிர எவை என்று பார்க்கவில்லை. அண்ணி மடித்துக்கொண்டே சொன்னார். கட்டிலுக்குள் எண்ணி என்று ஒரு கவுன்ட்டர், மின்சாரம் கொடுத்ததிலிருந்து நேரத்தை எண்ணிக்கொண்டே போகிறது. ஒன்றரை மாதம் நிறுத்தாமல் ஓடினால் அது நிரம்பி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சரியாக அந்த நேரம் பார்த்து யாராவது பொத்தானை அமுக்கிவிட்டால், மோட்டாரை நிறுத்த வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை என்று கட்டில் நினைத்துக்கொள்ளும். எப்போது வரும்? அடுத்த ஒன்றரை மாதம் கழித்து. இதைப் பிடிக்கத்தான் யாரோ புண்ணியவான் ஒரு சோதனை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது ஒருநாளும் உள்ளே போகவில்லை.

அண்ணன் கையில் இருந்த சட்டையை இரண்டாம் முறை மடித்தார். சர்வீஸ் பிரிவுக்கு எப்போதாவது வரும் ஒரு புகார் அவருக்குத் தெரியும். கட்டில் தானாக எழும்புகிறது என்று போன் வந்தால், பிளக்கைப் பிடுங்கிச் சொருகுங்கள் என்று பதில் சொல்வார்கள். சொருகினால் சரியாகிவிடும். ஆஸ்பத்திரியில் நர்சுகள் எதையோ இடித்திருப்பார்கள் என்று இங்கே எழுதி முடித்துவிடுவார்கள்.

உள்ளேயிருந்து அம்மா, என்ன சண்டை என்று கேட்டார். ஆபீஸில் ஒரு பிரச்சினை என்றார் அண்ணன். "அந்தக் கர்னல்கிட்ட வேணும்னா நான் பேசிப் பார்க்கட்டுமா? நாலு வார்த்தை நல்லபடியா சொன்னா கேட்காமயா போயிடுவாரு" என்றாராம் அம்மா. இருவரும் அதற்குச் சிரிக்கவில்லை. அண்ணி மட்டும், முடிந்தால் பேசுங்கள் அத்தை, நாங்கள் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை என்றார்.

அந்த ஆப்ஷனை அண்ணி போடவில்லை. அண்ணனும் மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பதில் ரெண்டும்சரியே ஒரு வழி கண்டார். அந்த வாரக் கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அதுவரை ஹால் திரையில் சோதனை முடிவுக்குப் பதிலாக, கட்டிலில் படுத்திருக்கும் ஒரு அழகான குடும்பம் சிரிக்கும் விளம்பரத்தை ஓடவிட்டார். ஒரு கட்டிலில் ஏன் குடும்பமே படுத்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கொள்முதல் அதிகாரி, மளமளவென்று பேசுகிறவர். இன்னொருவர் தலைமை நர்ஸ், பேசாதவர். எங்கள் பழைய கட்டில்கள் அவர்கள் வார்டுகளில் ஏற்கெனவே இருந்தன. செயல்விளக்க அறையின் நடுவில் புதுக் கட்டிலை நிறுத்தியிருந்தோம். கட்டிலின் கம்ப்யூட்டரோடு மடிக்கணினியை இணைத்துக்கொண்டு அண்ணி ஓர் ஓரத்தில். பிளக் இருந்த சுவரோரம் அண்ணன். மற்ற நாங்கள் கதவோரம், கைதட்ட.

ரெண்டும்சரி நிறையப் பேசினார். எங்கள் கட்டிலில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆப்ஷன்கள் இருப்பதைச் சொன்னபோது கொள்முதல் அதிகாரி புருவத்தை உயர்த்திப் பாராட்டினார். அவர் மெத்தையின் உறை நிறத்தைப் பற்றி என்று நினைத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது.

பேச்சு ஓய்ந்ததும் தலைமை நர்ஸ் வாயைத் திறந்தார். "இப்ப இருக்கற கட்டில் சில நேரம் எழும்பினா நிக்க மாட்டேங்குது. கேட்டா பிளக்கைப் பிடுங்கச் சொல்றாங்க. இதுல அது சரியாயிடுச்சா?"

அப்படி ஒன்று நடக்கவே முடியாது என்றார் ரெண்டும்சரி. நர்ஸ், நடக்கிறது என்றார். முடியாது என்பதை அவர் இன்னும் இரண்டு விதமாகச் சொன்னார். நர்ஸ் அதே ஒரு விதமாக, நடக்கிறது என்றார். அப்போதுதான் ரெண்டும்சரி, யாரும் எதிர்பாராமல், கோட்டைக் கழற்றிக் கதவோரம் நின்ற என்னிடம் கொடுத்துவிட்டு, காலணியோடு கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். தன் கையாலேயே அமுக்கிக் காட்டுகிறேன் என்று பொத்தான் பலகையைக் கையில் எடுத்தார்.

"சார், எண்ணியை முன்னாடி தள்ளி வெச்சுக் காட்டட்டுமா? ஒன்றரை மாசம் ஓடின மாதிரி" என்று கேட்டார் அண்ணி.

அண்ணன் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். ரெண்டும்சரி தலையணையில் சாய்ந்தபடி, "தாராளமா, மேடம்" என்றார்.

அண்ணியின் மேல் பழி சொன்னவர்கள் பிறகு நிறைய. அதனால் இதையும் சொல்ல வேண்டும். கட்டிலின் முனைகளில் இரும்புத் தடை இருக்கிறது, ஒரு அளவுக்கு மேல் மடங்காது, உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் அவர் செய்தார். இதை வந்தவர்களுக்குச் சொல்லியும் வைத்தார். படுத்திருந்தவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். அவர் கேட்கும் நிலையில் இல்லை, புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

பொத்தானை அமுக்கினார். தலைப்பக்கம் அழகாக எழுந்தது. விரலை எடுத்தார். எழுந்துகொண்டே இருந்தது. போதும் என்பதுபோல் கையைக் காட்டினார், கட்டிலுக்குக் கண் கிடையாது. வேறு பொத்தானை அமுக்கினார். அது முழங்காலுக்கான பொத்தான். இப்போது முழங்கால் பக்கமும் கிளம்பியது, அதுவும் நிற்கும் யோசனையில் இல்லை. தலை ஒரு பக்கத்திலிருந்தும் கால் மறுபக்கத்திலிருந்தும் ஒன்றையொன்று விசாரிக்க வருவதுபோல் நெருங்கின. சலவையிலிருந்து வந்த சட்டையை மடித்த மாதிரி எங்கள் தலைமைப் பொறியாளர் நடுவில் மடிந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி வாய்க்கு வந்தது. யாரோ கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். நான் இல்லை, என் கையில் கோட்டு இருந்தது.

அண்ணன்தான் பிளக்கைப் பிடுங்கினார். மோட்டார் அடங்கியது. ஆனால் மின்சாரம் போய்விட்டால் கட்டில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும், தானாக விரியாது. கையால் சுற்றி இறக்க ஒரு கைப்பிடி உண்டு. அதைத் தேடி ஸ்டோர் ரூமுக்கு ஆள் ஓடியது. அதுவரை ரெண்டும்சரி உள்ளேயே இருந்தார். மரியாதைக்குறைவாக இருக்கக் கூடாது என்று நாங்கள் சுவரைப் பார்த்தோம். மடிப்புக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"இது... இதுகூட ஒரு ஆப்ஷன்தான். நிக்கணுமா வேண்டாமான்னு நீங்களே தேர்ந்தெடுத்துக்கலாம்."

கொள்முதல் அதிகாரி இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். தலைமை நர்ஸ் அண்ணியிடம் போய், இந்தக் கோளாறு எப்போது கண்டுபிடித்தது என்று கேட்டார். ஐந்து நாள் ஆயிற்று என்றார் அண்ணி. சரி செய்ய எவ்வளவு நாள் ஆகும்? இரண்டு நாள். வார்டில் இருக்கும் பழைய கட்டில்களுக்கும் அது வருமா? வரும், நானே பார்த்து அனுப்புகிறேன். நர்ஸ் தலையை ஆட்டினார். ஸ்டோர் ரூமிலிருந்து கைப்பிடி வந்தது. அண்ணன் மண்டியிட்டு மெல்ல மெல்லச் சுற்றினார். ரெண்டும்சரி அங்குலம் அங்குலமாக எங்களிடம் திரும்பி வந்தார்.

அந்த ஆஸ்பத்திரி எங்களிடம் புதுக் கட்டில் வாங்கவில்லை. கொள்முதல் அதிகாரி வேறொரு கம்பெனியில் வாங்கினார். அங்கே ஹாலில் இன்னும் பெரிய திரை இருந்ததாகவும், அது முழுக்கப் பச்சையாக இருந்ததாகவும் காரணம் சொன்னாராம். ஆனால் தலைமை நர்ஸ் விடவில்லை. பழைய கட்டில்களுக்கான திருத்தம் போய்ச் சேரும்வரை தினமும் அண்ணிக்குப் போன் செய்தார். போய்ச் சேர்ந்த பிறகு ஒரு தடவை செய்து, எல்லாம் நிற்கிறது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அண்ணிக்கு நிர்வாகத்திடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. வாடிக்கையாளர் முன்னிலையில் நிறுவனத்தின் குறையை வெளிப்படுத்தியதற்காக விளக்கம் கேட்டு ஒன்று. தரத்தை மேம்படுத்தியதற்காகப் பாராட்டி ஒன்று. ஒரே கையெழுத்து, ஒரே நாள். அண்ணி முதல் கடிதத்துக்குப் பதிலாக இரண்டாவது கடிதத்தின் நகலை அனுப்பினார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

ரிலீஸ் தள்ளிப்போனது. அண்ணனுக்கு அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு, செய்தி கேட்டுத் திரும்பிப் போய்விட்டது. அவர் அதைப் பற்றிப் புலம்பி நான் கேட்டதில்லை. ரெண்டும்சரி சில மாதம் முதுகைப் பிடித்தபடி நடமாடினார். பிறகு எங்களை விட்டுப் போனார். போனது அந்தப் பச்சைத் திரைக் கம்பெனிக்குத்தான், இதைவிடப் பெரிய பதவிக்கு. அங்கே போய்ச் சேர்ந்த கையோடு ஒரு கருத்தரங்கில் 'எளிமையே வலிமை' என்று பேசியதாகக் கேள்விப்பட்டோம். ஒரே ஆப்ஷனில் எல்லாச் சோதனைகளையும் ஓட்டும் யோசனை தனக்கு எப்படி வந்தது என்று விவரித்தாராம். படுத்துக்கொண்டிருந்தபோது வந்தது என்றாராம். அது ஒருவகையில் பொய் இல்லை.

நாங்கள் இங்கே குப்பை அள்ளினோம். எண்ணூறுக்கு மேல் கிடந்த ஆப்ஷன்களை அண்ணியும் நானும் ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு யாராவது எப்போதாவது ஆம் என்று சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்போம். இல்லையென்றால் நீக்குவோம். நீக்கியதும் எங்கிருந்தோ ஒருவர் வந்து, அது தன்னுடையது என்று கண்கலங்குவார். எதற்கு என்று கேட்டால் ஞாபகமில்லை என்பார். அண்ணி அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் கண்ணெதிரிலேயே நீக்குவார். தோற்ற சோதனைகளும் ஒன்றொன்றாகத் தேறத் தொடங்கின. ஒவ்வொன்றும் நிஜமான ஒரு பிழை. சில பிழைகள் எங்கள் பிள்ளைகளைவிட மூத்தவை.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. கட்டிலின் உயரத்தை அளக்கும் துண்டில், தாழும்போது ஒரு கணக்குப் பிசகியது. அண்ணி அதைத் தொடாமல் வைத்திருந்தார். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது யார் எழுதினது, மேடம்?"

"மேல பேர் இருக்கு சார். பாருங்க."

அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரே எழுதியது. ரிலீஸ் மேனேஜரான பிறகு அவர் ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. நான் சரி செய்துவிடவா என்று அண்ணி கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்து, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதலில் நிரல் கட்டவே மறுத்தது, ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அடுத்து இன்னொன்று. அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடப் போனவர்கள் திரும்பி வந்து இடத்தில் உட்காரத் தொடங்கியபோது அது ஓடியது. தேறியது.

அண்ணன் நம்பவில்லை. நிஜமாகவே தேறியதா என்று கேட்டார். நீங்களே கெடுத்துப் பாருங்கள் என்றார் அண்ணி. அண்ணன் கூட்டல் குறியைக் கழித்தல் குறியாக மாற்றி மறுபடி ஓட்டினார். சிவப்பு பளிச்சென்று வந்தது, எந்த வரி, எவ்வளவு பிசகு என்ற விவரத்தோடு.

அவர் எழுந்து நின்று எங்களையெல்லாம் கைகாட்டி அழைத்தார். வந்து பாருங்கள், தோற்றுவிட்டது என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். அவர் இன்னும் இரண்டு தடவை அதைத் தோற்கடித்துக் காட்டிவிட்டு, அண்ணி மணியைக் காட்டிய பிறகுதான் கூட்டல் குறியை அதன் இடத்தில் வைத்தார்.